அடியிலிருந்து ஏறுற எண்ணெய்

தம்பி,

பசியாறிட்டியா? பெர்த்துக்கும் நமக்கும் மணி ஒண்ணுதான்னு நீ போனப்ப சொன்னே, அதுல எனக்கு ஒரு நிம்மதி. நான் இங்க கோப்பி கலக்குறப்போ நீயும் அங்க அடுப்படியில தூக்கக் கலக்கத்தோட நிப்பேங்கிற நெனப்பு. நேத்து நீ பேசிக்கிட்டிருக்கும்போதே நான் போனை வச்சுட்டேன். அம்மாவுக்குக் கோவம்னு நெனச்சிருப்பே. கோவம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். "வேலைய விட்டுட்டு வந்துடறேம்மா, இந்த வாரமே எழுதிக் குடுத்துடறேன்"னு நீ சொன்னதும் எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வந்துச்சு. பெத்த பிள்ளைகிட்ட அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் வச்சேன். போன்ல பேசினா நீ அழுவே, நானும் அழுவேன், பேசவேண்டியது நின்னு போயிரும். அதான் இடது கை விரலால போன்ல தட்டித் தட்டி எழுதி அனுப்பறேன். உக்காந்து பொறுமையா படி.

முதல்ல உங்க அக்கா உனக்குச் சொன்ன கதையைச் சரி பண்ணிடறேன். சிகாமட்டுல இருந்துகிட்டு அவ எனக்கு என்ன ஆச்சுன்னு என்னைவிட நல்லா சொல்றா. நான் "மயங்கி" விழல. போட்டைக் கட்டுற ஜெட்டி சரிவுல பாசி. கால் வழுக்கிச்சு. வலது கையை ஊனிட்டேன், மணிக்கட்டு வீங்கிருச்சு. பக்கத்து வீட்டு ரொக்கியா அக்கா என்னைக் காருல ஏத்தி கிளினிக்குக்குக் கொண்டு போனாங்க. எலும்பு ஒண்ணும் ஆகல, டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பிட்டாரு. அவ்வளவுதான் லா. இதுக்கு நீ அங்க கப்பல் பட்டறையில கிடைச்ச வேலையை விட்டுட்டு, பொட்டி தூக்கிக்கிட்டு பாசிர் கூடாங்குக்கு வர்றேங்கிறே. வந்து என்ன பண்ணுவே? என் கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பியா?

இனிமே நான் எழுதப் போறது உனக்குத் தெரிஞ்ச கதைதான். தெரிஞ்சதுதானேன்னு தாண்டிப் போயிடாதே. அந்தக் கதையில நான் பார்த்த ஒரு விஷயம் இருக்கு. அதை நான் உங்கிட்ட இதுவரைக்கும் சொல்லல.

ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டுல பொறந்த எனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் கடல்னா என்னன்னே தெரியாது. உங்க அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு, லீவு நாள்ல அந்தச் சின்ன போட்ல என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நடுவுல எஞ்சினை நிறுத்தினாரு பாரு, அந்த அமைதியில அடியில தண்ணி மெல்ல அசையறது என் உள்ளங்காலுக்குத் தெரிஞ்சுச்சு. அவரு போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் போட்டை வித்துருவேன்னு நெனச்சாங்க. நான் ரொக்கியா அக்காவைச் சேர்த்துக்கிட்டு மீன் பிடிக்கக் கிளம்பிட்டேன். அப்புறம் எனக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது கை பெரிய வேலை செய்யும், சின்ன வேலை செய்யாது. கதவைத் தள்ளும், ஆனா சட்டை பட்டனைப் பிடிக்காது. அதுக்கப்புறமும் நான் போட்ல போறதை நிறுத்தல. ரொக்கியா அக்கா எஞ்சினைப் பிடிச்சு ஓட்டுவாங்க, நான் தூண்டில் போடுவேன்.

அந்த நேரத்துலதான் உனக்குப் பெர்த் வேலை வந்துச்சு. அக்கா உடனே, "அம்மா என் வீட்டுக்கு வந்துடட்டும்"னா. சிகாமட்டுல கடல் எங்கடா இருக்கு? அங்க வெள்ளம் வந்தாத்தான் போட்டுக்கு வேலை. நான் மாட்டேன்னுட்டேன். அப்ப நீ, "நீங்க இங்க தனியா இருந்தா நான் போகல"ன்னே. ரெண்டு பேரும் சண்டை போட்டோம். சமைக்கிறேன், துவைக்கிறேன், கோயிலுக்கு நானே போறேன், எனக்கு என்னடா குறைன்னு கேட்டேன். நீ மெதுவா, "எல்லாம் சரிம்மா. போட்டுக்குக் கியர் எண்ணெய் யாரு மாத்துவா?"ன்னே. அது ஒண்ணுதான் நீ செஞ்சுக்கிட்டிருந்த வேலை. பட்டறையில குடுக்கலாம்னு இழுத்தேன். "எஞ்சினைக் கழட்டி யாரு தூக்கிக்கிட்டுப் போவா?"ன்னே. ரொக்கியா அக்காவோ வலையில பாம்பு மாட்டினாலும் பிடுங்கிப் போட்டுருவாங்க, கருப்பு எண்ணெயை மட்டும் தொட மாட்டாங்க. "மிஞ்யாக் ஹித்தாம், சயா தாக் மாவ்" அப்படின்னு, எனக்கு வேணாம்னு மலாய்ல சொல்லி முகத்தைத் திருப்பிக்குவாங்க.

நீ கடைசியா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "நீங்க தனியா, யாரும் கை வைக்காம, அந்த எண்ணெயை மாத்திக் காட்டுங்க. காட்டிட்டா நான் போறேன். முடியலேன்னா நானும் போகல, போட்டும் வேணாம்." சரிடான்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் யோசிச்சேன். தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கிற எஞ்சினோட அடிப்பாகத்துலதான் விசிறியைச் சுத்துற பல்சக்கரம் இருக்கு, அது எண்ணெயிலேயே குளிச்சுக்கிட்டிருக்கணும், எண்ணெய் கெட்டா நடுத் தண்ணியில சிக்கி நின்னுரும்னு எனக்குத் தெரியும். பெரிய பெரிய எண்ணெய்க் கப்பல் போற வழியில ரெண்டு கிழவிங்க துடுப்பு போட்டுக்கிட்டிருந்தா எப்படி இருக்கும்?

மறுநாள் நீ வேலைக்குப் போனதும் நான் யாருக்கும் தெரியாம ஆரம்பிச்சேன். நீ எஞ்சினைக் கழட்டி வீட்டுக்குப் பின்னால மரச்சட்டத்துல மாட்டி வச்சிருந்தே. பார்த்தேன். ரெண்டு ஸ்க்ரூ இருந்துச்சு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அட, இவ்வளவுதானான்னு இருந்துச்சு. கீழ உள்ளதைத் திறந்து பழசை இறக்கிட்டு அதை மூடணும், மேல உள்ளதுல புதுசை ஊத்தணும். இதுக்கு என்ன பெரிய படிப்புன்னு கீழ உள்ளதைத் திறந்தேன். நாலு சொட்டு விழுந்துச்சு, நின்னு போச்சு. அடைச்சுக்கிச்சு போலன்னு கொண்டை ஊசியால குத்தினேன். ஒண்ணும் வரல. சும்மா இருக்கட்டுமேன்னு மேல உள்ளதையும் திறந்தேன் பாரு, கீழ குபுகுபுன்னு கொட்டிச்சு. பால் ஊத்தி ஆத்தின தே தாரிக் நிறத்துல எண்ணெய். அப்புறம் கீழ மூடிட்டு மேல புனல் வச்சுப் புது எண்ணெயை ஊத்தினேன். ஒரு வாய் குடிச்சுச்சு. அப்புறம் ஏப்பம் விட்டு என் மூஞ்சியிலேயே துப்பிருச்சு. என் வயசுக்கு நான் எத்தனை பாத்திரத்துல என்னென்ன ஊத்தியிருப்பேன். எல்லாத்தையும் மேலேருந்துதான் ஊத்தியிருக்கேன், எதுவும் என்னை இப்படி அவமானப்படுத்தல.

சாயங்காலம் நீ வந்து பார்த்தே. திட்டு விழும்னு நெனச்சேன். நீ எண்ணெய் நிறத்தைப் பார்த்துட்டு, "தண்ணி உள்ள போயிருக்கும்மா, சீல் தேஞ்சிருச்சு, அதை நான் மாத்திடறேன்"னு சொன்னே. அப்புறம் பக்கத்துல குந்தி உக்காந்து, "உள்ள காத்து இருக்கும்மா. நீங்க மேலேருந்து ஊத்தினா அது எப்படி வெளிய வரும்? வழியில நீங்க நிக்கிறீங்களே. கீழ ஓட்டை வழியா எண்ணெயைத் தள்ளுங்க. அது ஏற ஏறக் காத்து தானா மேல போயிரும். மேல ஓட்டையில குமிழி இல்லாம எண்ணெய் தெரிஞ்சா உள்ள இடமே இல்லேன்னு அர்த்தம்"னு சொன்னே. நான் அந்த இரும்பையே பார்த்துக்கிட்டிருந்தேன். அடியிலேருந்து நிரப்புறது! யாரு இதை முதல்ல யோசிச்சிருப்பா? சத்தியமா சொல்றேன், அன்னிக்கு ராத்திரி சாம்பார் ஊத்தும்போதுகூட எனக்கு அதே நெனப்பு.

கீழேருந்து தள்ளணும்னா தள்ளுறதுக்கு ஒரு சாமான் வேணும்ல. அடுப்படியில தேடினேன். எங்க அம்மா வீட்டுச் சீரா வந்த பித்தளை முறுக்கு அச்சு கண்ணுல பட்டுச்சு. தள்ளுறதுக்குன்னே பொறந்த சாமான்தானே அது! ஒத்தக் கண் தட்டைப் போட்டேன். மீன் தொட்டிக்கு வாங்கின சின்ன டியூப்பை அந்தக் கண்ணுல சொருகி, சுத்தி சுத்தி டேப் ஒட்டினேன். அச்சு நிறைய கியர் எண்ணெயை ஊத்தி, டியூப்பைக் கீழ் ஓட்டையில குத்தி, அச்சை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கி, இடது கையால அமுக்கி, பத்தலேன்னு நெஞ்சையும் குடுத்து அமுக்கினேன். மாவா அது, சொன்ன பேச்சு கேக்க? எண்ணெய் கீழ போகாம ஓரமா மேல ஏறி என் கழுத்து வரைக்கும் வந்துருச்சு. அலமாக்! அந்த நாத்தம் இருக்கே, அழுகின முட்டையில மண்ணெண்ணெய் ஊத்தின மாதிரி. நீ மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம வந்து நின்னே. என்னைப் பார்த்தே, அச்சைப் பார்த்தே. "கியர் எண்ணெயில முறுக்கு பிழியிறீங்களாம்மா?"ன்னு கேட்டுட்டுக் கால்வாய் ஓரத்துல உக்காந்து சிரிச்சே. உங்க அப்பா செத்ததுக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கல. எண்ணெய் ஒழுக ஒழுக நானும் சிரிச்சேன். அந்த அச்சை எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் வாடை போகல. கிறிஸ்துமஸுக்குப் புது அச்சு வாங்கணும், இப்பவே சொல்லி வைக்கிறேன்.

சிரிச்சு முடிச்சதும் நீ, "ஐடியா தப்பில்லம்மா"ன்னு சொல்லி உன் போனைக் காட்டினே. அன்னிக்கு ரெண்டு பேரும் பார்த்த வீடியோ எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா? பாஷை தெரியாத யார் யாரோ, எந்தெந்த ஊரோ. ஒருத்தன் தக்காளி சாஸ் போத்தல்ல எண்ணெய் ஊத்திப் பிழியறான். ஒருத்தன் மாட்டுக்கு மருந்து குடுக்கிற பெரிய ஊசிக்குழல்ல ஏத்துறான். இன்னொருத்தன் பூச்செடிக்குத் தெளிக்கிற டாங்கைக் கொண்டாந்து, ஜாஸ்தி அமுக்கி, எண்ணெய் பீச்சி அடிச்சு ஓடறான். தாடி வச்ச ஒரு தாத்தா பனி கொட்டுற ஊர்ல கையுறை போட்டுக்கிட்டு, கேக்குக்குக் கிரீம் பிழியிற பையில முயற்சி பண்றாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. இந்தச் சின்ன ஓட்டைக்கு முன்னால, என் சுண்டு விரல் நுனிகூட நுழையாத ஒரு ஓட்டைக்கு முன்னால, உலகம் பூரா எத்தனை பேர் குந்தி உக்காந்து அடுப்படியையும் குளியலறையையும் நோண்டியிருக்காங்க! கடையில இதுக்குன்னே பம்ப் விக்கிறாங்கன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனாலும் தன் கைக்கு ஏத்த மாதிரி ஒண்ணைச் செஞ்சுக்கிறாங்க. நான் முறுக்கு அச்சோட அந்தக் கூட்டத்துல சேர்ந்துட்டேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை.

அடுத்த வாரம் குளியலறையில ஷாம்பு பம்ப் காணாமப் போச்சு. எண்ணெய்ப் போத்தல்ல அது உக்காந்திருந்துச்சு. டியூப்பை மாட்டி நான் அமுக்கினேன், நல்லாத்தான் ஏறிச்சு, ஆனா நாலு அமுக்குலேயே டியூப் ஓட்டையை விட்டு நழுவிருச்சு. என் காலெல்லாம் எண்ணெய். நீ பழைய ஸ்க்ரூ ஒண்ணை அப்ப வேலை பார்த்த யார்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனே. சாப்பாட்டு நேரத்துல உக்காந்து அதுக்கு நட்டநடுவுல மெல்லிசா ஓட்டை போட்டு, பழைய பிரிட்ஜ்ல இருந்து வெட்டின செப்புக் குழாயை அதுல பத்த வச்சுக் கொண்டாந்தே. அதை ஓட்டையில திருகிட்டா இனிமே நழுவாது. டியூப் அந்தக் குழாய்ல மாட்டிக்கும். அதோட விட்டியா? அதுக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி தகடு வச்சே, நான் விரல் நுனியால பிடிக்காம உள்ளங்கையாலேயே திருகுறதுக்கு. அந்தச் சின்ன சாமானை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். நடுவுல ஊசி முனையாட்டம் வானம் தெரிஞ்சுச்சு. நான் பெத்த கையாடா இதைச் செஞ்சுச்சு?

அதுக்கு மேல நீ ஒண்ணு செஞ்சே. சப்பாத்திக்குப் பிசைஞ்ச மாவுல ஒரு உருண்டை எடுத்து மேசையில வச்சு, "வலது கையால அமுக்குங்கம்மா"ன்னே. அந்தக் கையாலயான்னு கேட்டேன். "அந்தக் கையாலதான்"னே. அமுக்கினேன். உள்ளங்கை அடிப்பாகம் மாவுல பதிஞ்சுச்சு. அந்தப் பதிவைப் பார்த்து, அப்பாவோட உடைஞ்ச துடுப்புலேருந்து ஒரு துண்டு வெட்டி, அதே பள்ளத்தோட ஒரு கைப்பிடி செதுக்கி, பம்ப் தலையில மாட்டினே. நான் கையை வச்சேன், அப்படியே உக்காந்துச்சு. அமுக்கினேன், எண்ணெய் ஏறிச்சு. ஸ்ட்ரோக் வந்ததுலேருந்து அந்தக் கையை நான் தூக்கிச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அதுக்கு நான்தான் எல்லாம் செய்யணும். நீ அதுக்கு ஒரு வேலை குடுத்தே. நான் அன்னிக்கு உனக்கு நன்றி சொல்லல, "கைப்பிடியில சிலாம்பு இருக்கு, தேச்சுக் குடு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அதான்.

மிச்சம் ஒரு சிக்கல் இருந்துச்சு. எண்ணெய் நிறைஞ்சதும் மேல ஸ்க்ரூவை மூடணும், அப்புறம் கீழ அந்தக் குழாய் வச்ச உன் ஃபிட்டிங்கைக் கழட்டணும், கழட்டினதும் அந்த ஓட்டையில அசல் ஸ்க்ரூவைப் போடணும். கழட்டுறதுக்கும் போடுறதுக்கும் நடுவுல ஓட்டை ஆன்னு திறந்து கிடக்கும். ரெண்டு கை இருக்கிறவங்க டக்குனு மாத்திருவாங்க, எனக்கு வேலைக்கு ஆகிற கை ஒண்ணுதானே. அத்தனை பாடுபட்டு ஏத்தின எண்ணெய் கொட்டிராதான்னு கேட்டேன். நீ சிரிச்சுட்டு, "மொத நாள் கொண்டை ஊசியால குத்துனீங்களே, அப்ப கொட்டிச்சா?"ன்னே. அட! மேல மூடியிருந்தப்போ கீழ திறந்தும் அது விழலையே! மேலேருந்து காத்து உள்ள வர வழி இல்லேன்னா கீழ உள்ளது விழாது, சொட்டும், ஆனா கொட்டாது, நிக்கும். நீ ஃபிட்டிங்கைக் கழட்டிக் காட்டினே. ஓட்டை திறந்தே கிடக்கு, உள்ள எண்ணெய் பளபளன்னு தெரியுது, யாரும் பிடிக்கல, ஆனா நிக்குது. நான் சிலுவை போட்டுக்கிட்டேன். நீ கிண்டல் பண்ணினே. பண்ணிக்கோ.

அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா ஜெட்டிக்குப் போனோம். தண்ணி வத்தியிருந்துச்சு. போட்டைச் சரிவுல இழுத்து, கட்டை குடுத்து நிறுத்தி, எஞ்சினை மாட்டி நேரா நிக்க வச்சிருந்தே. இந்தப் பக்கம் சிமெண்ட், அந்தப் பக்கம் சேறு. ரொக்கியா அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கச்சேரி பார்க்க வந்த மாதிரி உக்காந்தாங்க. நீ கொஞ்சம் தள்ளிப் போய்க் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னே. நான் பழசை இறக்கினேன். உன் ஃபிட்டிங்கைத் திருகினேன். வலது கையை அப்பா துடுப்புல வச்சு அமுக்க ஆரம்பிச்சேன். அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன், தோள்பட்டை விட்டுப் போச்சு. மேல ஓட்டையில மொதல்ல குமிழி வந்துச்சு, அப்புறம் குமிழி நின்னு, எண்ணெய் தேன் மாதிரி எட்டிப் பார்த்துச்சு. கீழேருந்து ஏறி வந்துருச்சு, தம்பி! நான் வாய்விட்டுக் கத்திட்டேன். மேல மூடினேன். ஃபிட்டிங்கைக் கழட்டினேன். எண்ணெய் நின்னுச்சு. இடது கையில ஸ்க்ரூவை எடுத்து ஓட்டைக்குப் பக்கத்துல கொண்டு போனேன்.

விரல்ல எண்ணெய். ஸ்க்ரூ வழுக்கிச்சு. கட்டையில பட்டு, எகிறி, அந்தப் பக்கம் சேத்துல விழுந்துருச்சு. எங்க விழுந்துச்சுன்னுகூட நான் பார்க்கல.

ரொக்கியா அக்கா எந்திரிச்சுட்டாங்க. நீ, "ஜாங்ஙான், கா"ன்னு சொன்னே. வேண்டாங்க்கான்னு சொன்ன அந்தக் குரல் உடைஞ்சு வந்துச்சு. நான் உன்னைத் திரும்பிப் பார்க்கல. பார்த்தா, "எடுத்துக் குடுடா"ன்னு கேட்டிருப்பேன். சேத்துல முட்டி போட்டு, இடது கையை விட்டுத் துழாவினேன். சிப்பி குத்திச்சு. கண்ணாடித் துண்டு ஒண்ணு கைக்கு வந்துச்சு. எஞ்சினை அண்ணாந்து பார்த்தேன், ஒரு சொட்டு விழுந்துச்சு, நூலா நீண்டு இன்னொரு சொட்டு விழுந்துச்சு. கொட்டல. அது நிக்குதே, நான் எதுக்குப் பதறணும்னு தோணிச்சு. ஓரத்துலேருந்து பொறுமையா, அரிசியில கல் பொறுக்குற மாதிரி தடவிக்கிட்டே வந்தேன். கிடைச்சுச்சு. தண்ணியில அலசி, பெட்ரோல்ல நனைச்சு, வாஷர் இருக்கான்னு பார்த்து, கைலியில துடைச்சு, ஓட்டையில வச்சுத் திருகினேன். சொட்டினது எவ்வளவோ தெரியாதேன்னு, கீழ திரும்ப ஃபிட்டிங்கை மாட்டி, மேல திறந்து, மறுபடி நிரப்பி, இந்தத் தடவை ஸ்க்ரூவை நழுவ விடாம மூடினேன். ரொக்கியா அக்கா கை தட்டினாங்க. நீ வந்து, "ஃபிட்டிங்கைத் திருப்பி மாட்டிட்டுத் தேடியிருக்கலாமேம்மா, ஒரு சொட்டுகூடப் போயிருக்காது"ன்னே. "அப்பவே ஏண்டா சொல்லல?"ன்னு கேட்டேன். "நீங்க கேக்கல"ன்னே. உன்னை அடிக்கலாம்னு இருந்துச்சு.

இதுவரைக்கும் உனக்குத் தெரிஞ்ச கதை. இனிமே சொல்லப் போறதுதான் நான் பார்த்தது. சேத்துலேருந்து என்னைத் தூக்கிவிட நீ இடது கையைக் குடுத்தே. வலது கையை மூடியே வச்சிருந்தே. ஒட்டுக்கடையில தே சொன்னோம். கண்ணாடி டம்ளரை எடுக்கிறதுக்காக நீ வலது கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டு எடுத்தே, பைக்குள்ள சாவியில என்னமோ பட்டு 'கிளிங்'னு சத்தம் கேட்டுச்சு. டம்ளரைப் பிடிக்கிறதுக்கு முன்னால உன் உள்ளங்கை எனக்குத் தெரிஞ்சுச்சு. நடுவுல வரி வரியா, சிவந்து, ஸ்க்ரூ மரை அச்சு அசலா பதிஞ்சிருந்துச்சு. ஓரத்துல தோல் கிழிஞ்சு ரத்தம்கூடக் கசிஞ்சிருந்துச்சு. உங்கிட்ட ஸ்பேர் ஸ்க்ரூ இருந்திருக்கு. நான் சேத்துல முட்டி போட்டுத் துழாவின நேரம் பூரா, அது உன் கையிலேயே இருந்திருக்கு. ரெண்டு அடி எடுத்து வச்சு, "இந்தாங்கம்மா"ன்னு குடுத்திருந்தா முடிஞ்சு போயிருக்கும். குடுக்காம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கே.

நீ டீயை ஆத்திக்கிட்டே, "சரிம்மா, டிக்கெட் போடறேன்"னு சொன்னே. நான் தலையை மட்டும் ஆட்டினேன். நான் ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்தவ. நீ நடக்கப் பழகின நாள்ல, நீ தள்ளாடினா விழறதுக்கு முன்னாலேயே நான் பாஞ்சு பிடிச்சிருவேன். ஒரு தடவைகூட உன்னைத் தரையில விழ விட்டதில்ல. அதனாலேயே நீ நடக்க நாளாச்சுன்னு உங்க அப்பா என்னைத் திட்டுவாரு. எனக்கு வராத ஒண்ணை நீ அன்னிக்குச் செஞ்சே. எனக்குக் கடல் பெருசாத் தெரிஞ்சிருக்கு, அடியிலேருந்து ஏறுற எண்ணெய் பெருசாத் தெரிஞ்சிருக்கு, யாரும் பிடிக்காம நின்ன எண்ணெய் பெருசாத் தெரிஞ்சிருக்கு. ஆனா நான் கண்ணால பார்த்ததுலேயே பெருசு உன் உள்ளங்கைதான், தம்பி. அந்தச் சின்னக் கைக்குள்ள இவ்வளவு பலம் எங்கேருந்து வந்துச்சுன்னு நான் இன்னிக்கும் மலைச்சுப் போய்த்தான் இருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் போட் தண்ணியில இறங்காது, உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எண்ணெய் மாத்துற நாள் வரும். மணிக்கட்டு பழையபடி அமுக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியல, நெஜமாவே தெரியல. அமுக்கலேன்னா முழங்கையால அமுக்கிப் பார்ப்பேன். முழங்கைக்கு அளவெடுக்க இன்னொரு மாவு உருண்டை வைக்க வேண்டியதுதான். ரொக்கியா அக்கா நேத்து பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போயி மஞ்சள் ரப்பர் கையுறை வாங்கிக்கிட்டு வந்து என் முன்னால ஆட்டிக் காட்டினாங்க, பழைய எண்ணெய்க்குப் பேசின் மட்டும் பிடிப்பாங்களாம், அதுக்கு மேல ஒண்ணும் கேக்கக் கூடாதாம். அந்த வீம்புக்காரி அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்காங்கன்னா பார்த்துக்கோ. ஜெட்டி சரிவுக்குக் கல் உப்பும் பிரஷ்ஷும் கொண்டு போயி பாசியைத் தேய்க்கச் சொல்லி அங்க உள்ள பசங்களை விரட்டிக்கிட்டிருக்கேன்.

நீ ஃபிட்டிங், டியூப், கைப்பிடி எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு, பின்கதவு ஆணிக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போனே. நீ போன அன்னிக்கே நான் அதைத் திறந்து பார்த்தேன். வாஷர் கூடுதலா வச்சிருந்தே. ஸ்பேர் ஸ்க்ரூ இல்ல. கடைக்குப் போனா வாங்கிக்கலாம், அது பெரிய விஷயமில்ல. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு உனக்குச் சொல்லணும்னுதான் இதை எழுதறேன்.

அதனால, வேலைய விடற கடுதாசியை நாளைக்குக் குடுக்காதே. நீ பெர்த்துக்குக் கொண்டு போன அந்த ஸ்க்ரூவை எடு. எடுத்து உள்ளங்கையில வச்சு, அன்னிக்கு மாதிரி இறுக்கி மூடிக்கோ. வலிக்கும், எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே நில்லு. நான் இங்க தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். கிடைச்சுரும்.

அம்மா